பெயர் நீக்காத ஆசிரியர்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய நினைவுரை)



2019-ஆம் ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த, ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரை நினைவு கூரும் பொறுப்பு, அவரிடம் பயின்ற மாணவர்கள் சார்பில் எமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தம் பெயரைச் சங்கக் கட்டடத்தின் எந்தக் கல்லிலும் பொறிக்கலாகாது என்று அவர் எழுதி வைத்துச் சென்றார். அவ்விருப்பத்தை மதித்து, இவ்வுரையிலும் அவர் பெயரை நாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கொள்ளிடக் கரையில் நம் சேரிகள் எதில் போய் ‘வாத்தியாரய்யா’ என்று கூறினாலும் அது யாரைக் குறிக்கும் என்பதை எல்லோரும் அறிவர்.

வாத்தியாரய்யா பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். தாயும் தந்தையும் நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் காலங்கழித்தவர்கள். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளை எழுத்தறிவு பெற வேண்டுமானால் அதற்கு வழி காட்டிய இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று சிதம்பரத்தில் 1916-ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் தோற்றுவித்த நந்தனார் கல்விக் கழகம். சகஜானந்தர் துறவியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். ஆயினும் நம் மக்கள் நெஞ்சில் அவர் நிலைத்து நிற்பது பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தவர் என்பதாலேயே. அவருடைய விடுதியில் தங்கிப் படித்தவர் நம் வாத்தியாரய்யா. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, இரண்டாண்டு ஆசிரியப் பயிற்சி முடித்து, 1957-இல் அரசின் நலப் பள்ளியொன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார். சகஜானந்தர் மறைந்தது 1959-இல். “சாமி கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அவர் இல்லை, ஆகையால் உங்களிடம் கொடுக்கிறேன்” என்று வாத்தியாரய்யா எங்களிடம் கூறுவதுண்டு.

இளைஞர்கள் அந்நாளைய நலப் பள்ளியை மனக்கண்ணால் காண வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் தொழிலாளர் துறையின் பொறுப்பில் தொடங்கப்பட்டவை இப்பள்ளிகள். அதனால் முதியவர்கள் நெடுங்காலம் இவற்றை ‘லேபர் ஸ்கூல்’ என்றே அழைத்தனர். பின்னர் ஹரிஜன நலப் பள்ளி என்றாகி, அதன் பின்னர் ஆதி திராவிடர் நலப் பள்ளி என்றாயிற்று. பலகை பல முறை மாறியது. உள்ளே இருந்தவை ஒரு கூரைக் கொட்டகை, மண் தரை, ஒரு நாற்காலி, ஒரு கரும்பலகை ஆகியவையே. கரித்தூளும் கோவை இலைச் சாறும் சேர்த்து அப்பலகைக்கு நாங்களே கருமை ஏற்றுவோம். பிறந்த தேதி எந்தத் தாய்க்கும் தெரியாது. வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு சென்று இடக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்கு. நம்மில் பலருக்குச் சான்றிதழில் ஜூன் மாதத்துப் பிறந்த நாள் அமைந்திருப்பதன் காரணம் அதுதான்.

அந்தக் கொட்டகையில் அவர் செய்த முதற்காரியம் பெயரைத் திருத்தியது. ஊர்த்தெருவில் நம் பிள்ளைகளுக்கு முழுப்பெயர் கிடையாது. பாதிப் பெயராலும், உடற்குறையாலும், “இன்னான் மகன்” என்ற சுட்டாலும் அழைக்கப்பட்டவர்கள் நாம். சேர்க்கைப் பதிவேட்டில் வாத்தியாரய்யா முழுப்பெயரைத் தலைப்பெழுத்துடன் எழுதினார். நாள்தோறும் வருகைப் பதிவின்போது அம்முழுப்பெயரையே உரக்கப் படித்தார். ஆறு வயதுப் பிள்ளை, தன் பெயருடன் தன் தந்தையின் பெயரெழுத்தும் மரியாதையாக ஒலிப்பதைக் கேட்டு, எழுந்து நின்று, “உள்ளேன் ஐயா” என்று கூறும். வேறு எவரும் அப்பிள்ளையை அவ்வாறு அழைத்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அக்குரல் எங்கள் காதில் ஒலிக்கிறது என்றால் அது மிகையாகாது.

பாடம் நடத்தும் முறையிலும் அவர் தனி வழி கண்டவர். வீட்டுக்குச் செல்லுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும். பாடநூலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உர மூட்டையில் அச்சிட்ட எழுத்தாக இருக்கலாம். குடும்ப அட்டையாக இருக்கலாம். பழைய நாளிதழ்த் துண்டாக இருக்கலாம். கணக்குப் பாடத்திற்குக் களத்துமேடே அவருக்குப் பாடநூல். ஒரு கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால் என்று வாய்ப்பாடாகச் சொல்லித் தருவதோடு நில்லாமல், “உன் தாய்க்கும் தந்தைக்கும் ஆறு நாள் அறுப்புக்கு எத்தனை மரக்கால் பேசினார்கள்? எத்தனை அளந்தார்கள்? மீதி எங்கே?” என்று கேட்பார். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் களத்தில் நின்று விரல்விட்டு எண்ணி, “ஒரு மரக்கால் குறைகிறது” என்று சொன்ன நாளில், அளந்தவர் மறுபேச்சின்றி அந்த ஒரு மரக்காலையும் போட்டார். அன்று மாலை அச்சிறுவனின் தாய் தம்முடைய இரண்டாவது மகனையும் பள்ளிக்கு அழைத்து வந்தார். படிப்பினால் என்ன பயன் என்று கேட்ட மக்களுக்கு வாத்தியாரய்யா சொற்பொழிவு எதுவும் நிகழ்த்தவில்லை. அந்த ஒரு மரக்கால் நெல்லே விடை சொல்லிற்று.

இனி, இவ்வுரைக்குத் தலைப்பாக அமைந்த நிகழ்ச்சியைக் கூறுகிறோம். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். மாடு மேய்க்கச் சென்றோர் சிலர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண் பிள்ளைகள் சிலர். வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பண்ணையில் விடப்பட்டோர் சிலர். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, பல மாதங்களாக வராத ஒரு சிறுவனின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதைக் கண்டு விளக்கம் கேட்டார். வாத்தியாரய்யா எழுந்து நின்று, “ஐயா, அவன் வரவில்லை என்பது உண்மை. வரவில்லை என்றே ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவன் எங்கள் பிள்ளை இல்லை என்று எழுத என் கை வரவில்லை” என்றார். அதிகாரி விதியைச் சுட்டிக் காட்டினார். வாத்தியாரய்யா விதிக்குக் கட்டுப்பட்டவர். அரசுப் பதிவேட்டில் அன்றே பெயரை நீக்கினார். அன்றிரவே சொந்தக் காசில் ஒரு குறிப்பேடு வாங்கி, நீக்கிய அப்பெயரை அதில் முதற்பெயராக எழுதினார்.

அக்குறிப்பேடு இன்று நம் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஓரங்கள் செல்லரித்திருக்கின்றன, எழுத்துகள் மங்கவில்லை. படித்து முன்னேறியவர்களின் பட்டியலை அதில் காண முடியாது. இடையில் நின்றவர்களின் பெயர்கள் மட்டுமே அதில் உள்ளன. பெயர், வகுப்பு, நின்ற மாதம், காரணம் என நான்கு கட்டங்கள். காரணத்தைச் சுருக்கமாகவே எழுதியிருக்கிறார்: ‘மாடு’, ‘முன்பணம்’, ‘தம்பிப் பாப்பா’, ‘சூளை’, ‘தந்தை இறப்பு’, ‘திருமணம்’. ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு. அதன் தலைப்பு ‘திரும்ப வந்த நாள்’ என்பது. பல பெயர்களுக்கு நேரே அக்கட்டம் நிரம்பியிருக்கிறது. பல பெயர்களுக்கு நேரே அது இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. ஆனால் எந்தப் பெயரின் மீதும் கோடு விழவில்லை.

அந்த ஐந்தாம் கட்டத்தை நிரப்ப அவர் பட்ட பாடுகளை நேரில் கண்டவர்கள் இந்த அவையில் இன்னும் இருக்கிறார்கள். ‘தம்பிப் பாப்பா’ என்ற காரணத்திற்கு அவர் கண்ட தீர்வு மிக எளியது. “குழந்தையையும் கொண்டு வா” என்றார். கொட்டகையின் குறுக்குக் கழியில் பழம்புடவையால் தூளி கட்டப்பட்டது. அக்காள் எழுத்துக் கூட்ட, தம்பி தூளியில் உறங்கினான். அவ்வாறு படித்த பெண்களுள் ஒருவர் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்று இன்று இங்கே அமர்ந்திருக்கிறார்.

‘முன்பணம்’ என்ற காரணம் அவ்வளவு எளிதில் தீரவில்லை. பிள்ளையை விடுவிக்குமாறு கேட்க அவர் ஆண்டைகளின் வாயிலுக்குச் சென்றார். அரசு ஊதியம் பெறும் ஆசிரியராயினும் திண்ணையில் அமர அவருக்கு இடம் இல்லை. வெயிலில் நின்றே பேசினார். சில இடங்களில் காலைப் பொழுது பள்ளிக்கும் மாலைப் பொழுது மாட்டுக்கும் என்று உடன்பாடு செய்தார். சில இடங்களில் சேரி மக்கள் திரட்டிய பணத்தோடு தம் ஊதியத்தையும் சேர்த்துக் கடனை அடைத்தார். சில இடங்களில் வெறுங்கையோடு திரும்பினார். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அச்செய்தியை மாரியம்மன் கோயில் திடலில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு இரவுகள் படித்துப் பொருள் கூறினார். “இந்தக் கடன் இனிச் சட்டப்படி கடன் ஆகாது” என்ற சொல்லைக் கேட்டு முதியவர் ஒருவர், “இன்னொரு தடவை படியுங்கள் வாத்தியாரய்யா” என்றாராம். அவர் மீண்டும் படித்தார்.

பசியின் பங்கையும் அவர் நன்கு அறிந்திருந்தார். பெருந்தலைவர் காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் குறிப்பேட்டில் புதிய பெயர்கள் ஏறுவதைக் குறைத்தன என்பார். சோறு வேகும் மணம் வரும் பள்ளியைப் பிள்ளை விட்டுப் போகாது என்பது அவர் கருத்து. 2022-இல் தமிழகத்தில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, அதைக் காண அவர் இல்லையே என்று நாங்கள் ஏங்கினோம்.

இளைஞர்களே, வாத்தியாரய்யா தம் அனுபவத்தில் கண்டறிந்த பேருண்மை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் அதிகமாக நழுவி விழும் இடம் ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடைப்பட்ட அந்தக் கோடை விடுமுறைதான். சேரிப் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு நான்கு கல் தொலைவு நடக்க வேண்டும். ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், சீருடை, விடுதி விண்ணப்பம் ஆகிய அத்தனையும் எழுத்தறியாப் பெற்றோருக்கு மலையாகத் தோன்றும். “அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்று ஒரு சொல் வீட்டில் எழும். அந்த அடுத்த ஆண்டு வந்ததே இல்லை.

ஆகவே ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அவர் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அனைவரையும் வரிசையாக அழைத்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தார். அலுவலர் வீட்டு வாயிலில் காத்திருந்து சான்றிதழ் பெற்றுத் தந்தவரும் அவரே. தலைமையாசிரியரின் முன் பிள்ளையை நிறுத்தி முழுப்பெயர் சொன்னவரும் அவரே. சேர்த்துவிட்டதோடு விட்டுவிடவில்லை. மாதம் ஒருமுறை அங்கே சென்று தாழ்வாரத்தில் நின்று, தம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார். யாரேனும் வரவில்லையென்றால், திரும்பும் வழியில் அவ்வீட்டுக்குப் போய்விட்டுத்தான் தம் வீட்டுக்குச் செல்வார். 38 ஆண்டுகள் இவ்வாறு நடந்து 1995-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றதும் பிரிவுபசார விழாவில் அணிவித்த சால்வையைப் பள்ளிக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டு மறுநாளே பழைய வேலையைத் தொடர்ந்தார். 2000-ஆம் ஆண்டு நம் சங்கம் தோன்றியபோது தலைவர் பொறுப்பை ஏற்குமாறு அனைவரும் வேண்டினர். அவர் மறுத்து, “ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்த ஓர் அறை கொடுங்கள், போதும்” என்றார்.

சங்கத்தோடு அவர் கருத்து மாறுபட்ட நாளையும் இங்கே மறைக்காமல் கூறுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசு வழங்கவே சங்கத்தின் நிதி முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் வந்தது. வாத்தியாரய்யா எழுந்தார். “பரிசு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை தோற்பது முதல் வகுப்பிலேயே. பத்தாம் வகுப்பில் அத்தோல்வி அச்சேறி வருகிறது, அவ்வளவுதான். மேலே ஏறியவர்களுக்கு மாலை போட ஊரே வரும். கீழே நிற்பவனைத் தேடிப் போக நாம்தானே இருக்கிறோம்?” என்றார். நெடுநேர விவாதத்திற்குப் பின் நிதியில் ஒரு பகுதி மாலைப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. உடல் தளரும் வரை அவர் அதை நடத்தினார்.

நாம் அடைந்துள்ள முன்னேற்றம் சிறிதன்று. 1981-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் பட்டியல் இன மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 30 பேர் கூட இல்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 73-ஐத் தாண்டியது. பெயர் தெரியாத ஆயிரமாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கால்நடை அவ்வெண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. எனினும் வாத்தியாரய்யா இருந்திருந்தால் எஞ்சிய 27 பேரைப் பற்றியே கேட்டிருப்பார்.

அவர் மறைந்த மறு ஆண்டு பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. கைப்பேசி உள்ள வீட்டில் ஒருவாறு பாடம் நடந்தது. கைப்பேசி இல்லாத வீட்டில், ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற வீட்டில், எதுவும் நடக்கவில்லை. 2020-இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, பள்ளியறையில் அமராமலேயே இரண்டாம் வகுப்புக்குச் சென்றது. அப்பிள்ளைகள் இந்த 2025 ஜூனில்தான் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்ட வேண்டிய ஆண்டை இழந்தவர்கள், நழுவி விழும் அந்த இடத்திற்கு இப்போது வந்து சேர்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் என்னும் முறையில் நாள்தோறும் கண்டு வருவதைக் கூறுகிறோம்: ஆறாம் வகுப்பில் அமர்ந்துகொண்டு ஒரு பத்தியை வாசிக்க இயலாமல் தலைகுனியும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களுள் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு.

அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வுரிமையை உறுதி செய்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, அரசைக் கேட்பதோடு நின்றுவிடாமல் நாமும் நிறுவனம் கண்டு உழைக்க வேண்டும் என்ற பாடத்தை நமக்குச் செயலால் காட்டினார். அப்பாடத்தின் வழியில் வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வாத்தியாரய்யாவுக்குப் பின் நின்றுபோன மாலைப் பள்ளியை இந்த ஆண்டே மீண்டும் தொடங்க வேண்டும். மூன்று தெருக்களிலும் பட்டம் பெற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகள் ஒவ்வொருவரும் தந்தால் போதும். வாசிப்பும் கணக்கும் மட்டும் கற்பித்தால் போதும்.

இரண்டாவது, ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் நாளில் உடன் செல்வதும், பத்தாம் வகுப்பு முடியும் வரை மாதம் ஒருமுறை பள்ளிக்குச் சென்று விசாரிப்பதும் அவர் கடமை. இதற்குப் பணம் வேண்டியதில்லை. கால்கள் இருந்தால் போதும்.

மூன்றாவது, இரும்புப் பெட்டியில் உள்ள அக்குறிப்பேட்டை வெளியே எடுக்க வேண்டும். அதில் இன்னும் எழுதாத பக்கங்கள் இருக்கின்றன. கடந்த ஐந்து ஆண்டுகளில் படிப்பை விட்டு நின்ற நம் பிள்ளைகளின் பெயர்களை வீடு வீடாகச் சென்று கேட்டு, அதே நான்கு கட்டங்களில் எழுதுவோம். கட்டட வேலைக்குப் போனவன் பெயரையும், பதினேழு வயதில் திருமணம் பேசப்பட்ட பெண்ணின் பெயரையும் கூச்சமின்றி எழுதுவோம். பின்னர் ஐந்தாம் கட்டத்தை நிரப்பப் புறப்படுவோம்.

கல்லில் பெயர் பொறிக்க வேண்டாம் என்று சொன்ன ஆசிரியருக்கு நாம் செய்யக்கூடிய நினைவுச் சின்னம் இதுவே. இப்பணிக்கு முன்வரும் இளைஞர்கள் விழா முடிந்ததும் மேடைக்கு அருகே உள்ள மேசையில் தங்கள் முழுப்பெயரைத் தலைப்பெழுத்துடன் எழுதித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்க அறையில் முதல் கூட்டம்.